தில்லிக் குளிரில் பிள்ளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு

தலைநகரில் டிசம்பர் பிறந்துவிட்டால் நம் தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் மூன்று சங்கடங்கள் குடியேறிவிடும். தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாக உறைந்து கிடக்கும். இட்லி மாவு இரவு முழுவதும் வைத்தாலும் பொங்காது. மூன்றாவது சங்கடம்தான் தாய்மார்களின் மனத்தை வாட்டுவது. காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாடு மாலையில் பாதிக்குமேல் அப்படியே வீடு திரும்பும்.

“ஏண்டா கண்ணா, சாப்பிடலையா?” என்று கேட்டால், “ஆறிப் போச்சும்மா, தொண்டையிலே இறங்கலே” என்பான் பிள்ளை.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்தபட்ச வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே போகிற நாட்கள் தில்லியில் உண்டு. காலை 7 மணிக்கு டப்பாவில் அடைத்த சாம்பார் சாதம் 11 மணிக்குள் கல்லாகிவிடும். மேலே விட்ட நெய் மெழுகுபோல் படிந்திருக்கும். ஊரில் என்றால் பாட்டியோ அத்தையோ இடைவேளைக்குச் சுடு சாதம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இங்கே தாயும் தந்தையும் ஆபீசுக்குப் போகிற குடும்பங்களில் அதற்கு ஆள் ஏது? வெறும் வயிற்றோடு கணக்குப் பாடத்தில் உட்காரும் குழந்தைக்குக் கணக்கு எப்படி ஏறும்?

இதற்கு எளிய பரிகாரம், அகன்ற வாயுள்ள சாப்பாட்டு பிளாஸ்க். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படித்தாலும் சரி, கேந்திரிய வித்யாலயாவில் படித்தாலும் சரி, உபாயம் ஒன்றே.

பிளாஸ்க்கின் சூட்சுமம்

1892-ல் ஜேம்ஸ் டேவார் என்ற விஞ்ஞானி, கடுங்குளிரான திரவங்களைச் சூடேறாமல் பாதுகாப்பதற்காகக் கண்டுபிடித்த பாத்திரமே பிளாஸ்க்கின் மூதாதை. இரண்டு சுவர், நடுவே காற்று எடுக்கப்பட்ட வெற்றிடம். வெற்றிடத்தின் வழியே சூடு எளிதில் கடக்காது. வெளிக்குளிர் உள்ளே வராதது போலவே உள்சூடும் வெளியே போகாது.

வாங்கும்போது எவர்சில்வரால் ஆனதையே வாங்க வேண்டும். உள்ளே கண்ணாடிக் குடுவை வைத்தது பிள்ளைகள் கைக்கு ஆகாது. கீழே விழுந்தால் சாப்பாட்டில் கண்ணாடித்தூள் கலந்துவிடும். சிறு குழந்தைக்கு 300 மில்லி, வளர்ந்த பிள்ளைக்கு 500 மில்லி கொள்ளளவு போதும். இரட்டைச் சுவர் இருப்பதெல்லாம் வெற்றிட பிளாஸ்க் ஆகிவிடாது என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் கொதிநீர் ஊற்றி மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் வெளிச்சுவர் சுட்டால் அது உதவாது.

நிரப்பும் முறை

பலர் வீட்டில் பிளாஸ்க் இருந்தும் சாப்பாடு ஆறிப்போவதற்குக் காரணம், குளிர்ந்து கிடக்கும் பிளாஸ்க்கில் அப்படியே சாதத்தைப் போடுவதுதான். முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். பிறகு நீரைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய உணவை ஆவி பறக்கும்போதே போட வேண்டும். அரைப் பாத்திரம் வைத்தால் சீக்கிரம் ஆறும். கழுத்துவரை நிறைத்தால் சூடு நிற்கும்.

இது ருசிக்காக மட்டும் சொல்வதல்ல. உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கிருமிகள் பெருகுவதில்லை. வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெருகிவிடும். சோற்றுக்கு இந்த அபாயம் அதிகம். எனவே முந்தின இரவுச் சாதத்தை அரைகுறையாகச் சுடவைத்துப் பிளாஸ்க்கில் அடைப்பது கூடவே கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு நிரப்பி, பள்ளி இடைவேளை நேரத்தில் திறந்து பாருங்கள். ஆவி வந்தால் திங்கட்கிழமை தைரியமாகக் கொடுத்தனுப்பலாம்.

எதை வைக்கலாம்?

குழைவான உணவுகளே பிளாஸ்க்குக்கு உகந்தவை. வெண்பொங்கல் முதலிடம் பெறும். மூடிக்குள்ளும் அரிசி நீரை இழுத்துக்கொண்டே இருக்குமாதலால், வழக்கத்தைவிட ஒரு தம்ளர் தண்ணீர் கூடுதலாக விட்டுத் தளரச் செய்ய வேண்டும். மிளகை முழுதாகப் போட்டால் பிள்ளைகள் பொறுக்கி எறிவார்கள். பொடித்துப் போட்டால் உள்ளே போகும்.

சாம்பார் சாதம், ரசம் சாதம், கோவைப் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம் ஆகியவையும் நன்றாக நிற்கும். குளிர்காலத்தில் தில்லிச் சந்தையில் பச்சைப் பட்டாணியும் சிவப்புக் கேரட்டும் காலிஃபிளவரும் மலிவு. இவற்றைப் போட்டு ரவா கிச்சடியைச் சற்றுத் தளரக் கிண்டினால் கறியும் சோறுமாக ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும். வாரம் ஒருநாள் இவ்வூர் வழக்கப்படி ராஜ்மாவும் சாதமும் கொடுக்கலாம். ஆனால் ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் நன்றாகக் கொதித்துக் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காடு ராஜ்மா வாந்தியை உண்டாக்கும். சளி பிடித்த நாளில் பருப்பு போட்ட மிளகு ரசத்தில் குழைந்த சாதம் போதும்.

எதை வைக்கக் கூடாது?

பூரி, வடை, தோசை ஆகியவை ஆவியில் நமுத்துவிடும். தேங்காய்ச் சட்னி சூட்டில் சீக்கிரம் ஊசிப்போகும். தயிர் சாதம் கதகதப்பில் புளித்துவிடும். அதைச் சாதாரண டப்பாவில் தனியே கொடுத்தனுப்புங்கள். தில்லிக் குளிரே அதற்குக் காவல்.

பிள்ளைக்குப் பழக்குங்கள்

சூடான உணவை அடைத்த மூடி சில சமயம் இறுகிக்கொள்ளும். பலங்கொண்ட மட்டும் திருகாமல் அளவாக மூடுங்கள். வீட்டில் நாலைந்து முறை பிள்ளையையே திறக்கச் சொல்லிப் பாருங்கள். சின்னஞ்சிறு குழந்தை நேரே வாயில் வைத்தால் நாக்கு சுட்டுவிடும். ஒரு சிறு கிண்ணமும் கரண்டியும் வைத்து, கொட்டி ஆற்றிச் சாப்பிடப் பழக்க வேண்டும். மாலையில் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, திறந்தபடியே உலர்த்த வேண்டும். நாற்றம் இருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி வைத்துக் கழுவினால் போய்விடும்.

பிளாஸ்க் வாங்க இந்த மாதச் சம்பளத்தில் இடமில்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். எவர்சில்வர் டப்பாவை வெந்நீரில் சூடாக்கி, கொதிக்கும் உணவை அடைத்து, துண்டில் சுற்றிப் பழைய கம்பளித் துணியில் பொதிந்தால் முதல் இடைவேளைவரை ஓரளவு கதகதப்பு நிற்கும். எட்டு மணிப் பள்ளியில் பத்து மணிக்கே சாப்பிடும் பிள்ளைக்கு அது போதும்.

பிறந்த ஊரின் வெயிலை நாம் இங்கே கொண்டுவர முடியாது. அந்த ஊர்ச் சோற்றின் சூட்டைப் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்ப முடியும். காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுந்தால் போதும். மாலையில் காலிப் பாத்திரம் வீடு வந்து சேரும்.