மழலையர்க்கேற்ற மோட்டார் வண்டி

தமிழ் மக்கள் குழந்தையையும் வண்டியையும் நெடுங்காலமாகச் சேர்த்தே எண்ணி வந்துள்ளனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவம். பட்டினப்பாலையோ, குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்றுருளைத் தேரை, முற்றத்திற் கிடந்த பொற்குழையொன்று வழிமறிக்கும் காட்சியைக் காட்டுகின்றது. திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் தேரோட்டத்தில் சண்டிகேசுவரர் தேரை இன்றும் சிறுவரே வடம் பிடித்து இழுக்கின்றனர். இவ்விடங்களிலெல்லாம் குழந்தை வண்டியை இழுக்கின்றது. இக்காலத்திலோ வண்டி குழந்தையை இழுத்துச் செல்கின்றது. அதுவும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில். ஆகவே குழந்தைகளையுடைய இல்லத்தார் எத்தகைய காரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதைப் பற்றிச் சில கூறப் புகுகின்றேன்.

இப்பொருளை நான் நூலகத்தில் தேடியெடுத்தேனல்லேன். என் தமக்கையார் அடி அண்ணாமலையில் வாழ்கின்றார். அவர்க்கு நான்கு வயதுப் பெண் ஒருத்தியும், ஒன்பது திங்கள் நிரம்பிய ஆண் குழந்தையும் உளர். சென்ற ஆண்டில் ஒரு நாள், உறவினர் ஒருவரது பழைய காரை இரவல் பெற்று, யாங்கள் அனைவரும் வேலூர் நோக்கிப் புறப்பட்டோம். போளூரைத் தாண்டிய பின்னர் ஆட்டுமந்தையொன்று சாலையின் குறுக்கே வந்தது. மாமா சடக்கெனப் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, ஆனால் தமக்கையாரின் மாமியார் மடியிலிருந்த பெண் குழந்தை நிற்கவில்லை. அவள் முன்னிருக்கையின் முதுகில் நெற்றி மோத விழுந்தாள். வீக்கத்தோடு போயிற்று, எனினும் அத்தை அன்று முழுவதும் தம் இரு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "இறுக்கித்தானே தம்பி பிடிச்சிருந்தேன்!" என்று அவர் பன்முறை கூறினார். அவர் கூறியது மெய்யே. குறை அவர் கைகளிலன்று. அக்கைகளுக்கு நாம் இட்ட வேலையிலேதான் குறை உள்ளது.

அஃது எங்ஙனமெனிற் காட்டுவேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமென்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அவ்வேகத்திற் செல்லும் ஒருவர் மோதலினால் ஒரு மீட்டர் தூரத்திற்குள் நிறுத்தப்படுவாராயின், அவரை நிறுத்துதற்கு அவர் எடையைப் போற் பத்து மடங்கு விசை வேண்டும் என்பது எளிய கணக்கு. ஒன்பது கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் தொண்ணூறு கிலோ மூட்டையைப் போல் முன்னோக்கி இழுக்கும். எத்துணை அன்புள்ள கையாயினும் அம்மூட்டையைத் தாங்கவல்லதன்று. அவ்வேகத்தில் மோதுதல் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அஃதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, வீழ்தற்கு ஒப்பாகும். மாடியிலிருந்து விழுங்கால் மடியை நம்புவார் உண்டோ?

ஆதலின் குழந்தைக்கெனத் தனி இருக்கை வேண்டும். இதனை வழக்கில் 'கார் சீட்' என்பர். இவ்விருக்கைகள் முறையாகப் பயன்படின், சிசுக்களின் விபத்து மரணங்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறையுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டுச் சட்டமும் இதனை வற்புறுத்துகின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 194பி என்னும் பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைச் சீட் பெல்ட்டாலேனும் குழந்தை இருக்கையாலேனும் பிணிக்காமல் வண்டி ஓட்டுவோர்க்கு ஆயிரம் ரூபாய் தண்டம் விதிக்கின்றது. ஆயின் தண்டத்திற்கஞ்சிச் செய்வதினும் அறிந்து செய்வது சிறப்பன்றோ?

இவ்விருக்கைகளுள் பச்சிளங் குழந்தைகட்குரியது வண்டியின் பின்புறத்தை நோக்கியிருக்கும். குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. கழுத்தெலும்போ இன்னும் முற்றாதது. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்து நிறுத்தினும், பெரிய தலை மெல்லிய கழுத்தை இழுத்துக்கொண்டு முன்னே பாயும். பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே ஒருசேரத் தாங்கும். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர் மல்லாந்து அமரும் முறையைக் கண்டு 1960-களில் இதனை ஆய்ந்தார். ஐரோப்பாவின் பிற்கால விதியொன்று, பதினைந்து திங்கள் கடக்கும் வரையிலாவது குழந்தை பின்னோக்கியே அமர்தல் வேண்டும் என்கின்றது. ஒன்றை ஈண்டு அழுத்திச் சொல்லல் வேண்டும்: இயங்கும் ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைத்தலாகாது. பெரியோரைக் காக்க விரியும் அப்பை குழந்தையின் உயிர்க்கே இறுதியாகிவிடும்.

இனிக் காரைத் தெரிந்துகொள்ளும் முறைக்கு வருவோம்.

முதலாவது ஆராய வேண்டுவது, இருக்கையைப் பூட்டும் கொக்கிகள். 'ஐசோஃபிக்ஸ்' எனப்படும் முறை 1999-இல் உலகத் தர விதியாக வெளிவந்தது. பின்னிருக்கையின் முதுகும் அடியும் கூடுமிடத்தில், 280 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். குழந்தை இருக்கை அவற்றிற் 'கிளிக்'கென்று பூட்டிக்கொள்ளும். இருக்கை குப்புறச் சாயாதவாறு மேற்புறத்தில் ஒரு பட்டையோ, தரையில் ஊன்றும் ஒரு காலோ மூன்றாவது பிடியாகும். பட்டையாயின், அதனை மாட்டும் வளையம் இருக்கையின் முதுகுப்புறத்தில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். காரின் விலைப்பட்டியலில் 'ஐசோஃபிக்ஸ் உண்டு' என்று படித்து அமையாது, விரலை விட்டுத் தடவிப் பார்த்தலே நன்று. பழைய கார் வாங்குவோர்க்கு இஃது இன்னும் இன்றியமையாதது. பெரும்பாலான சிறிய கார்களில் இக்கம்பிகள் பின்னிருக்கையின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கும், நடுவில் இரா.

இரண்டாவது, அகலமும் நீளமும். குழந்தை இருக்கையொன்று ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் அகலமுடையது. இரண்டு வைப்பின் 88 சென்டிமீட்டர் போயிற்று. பின்னிருக்கையின் அகலத்தை அளவு நாடாவால் அளந்து, இவ்வெண்பத்தெட்டைக் கழித்தால், நடுவில் அமர்வார்க்குக் கிடைக்கும் இடம் விளங்கும். நடுவிருப்போர்க்கு இடுப்புப் பட்டை மட்டுமா, தோளையும் தழுவும் மும்முனைப் பட்டையா என்பதையும் காண்க. நீளமும் அத்தகையதே. பின்னோக்கிய இருக்கை சாய்ந்து நிற்குமாதலின், அதன் முன்னுள்ள இருக்கையை முன்னே தள்ள நேரும். ஓட்டுநர் நெடியவராயின் அவர் முழங்கால் முட்டும். ஆதலின் அவ்விருக்கையை ஓட்டுநர்க்குப் பின்னே வையாமல், இடப்புறத்தில், குள்ளமானவர் அமரும் முன்னிருக்கைக்குப் பின்னே வைத்தல் தக்கது. இடப்புறம் சாலையோரமாதலின், குழந்தையை ஏற்றி இறக்குதலும் அச்சமற்றதாகும்.

மூன்றாவது, டிக்கி. குழந்தையோடு செல்வோர்க்குத் தள்ளுவண்டி, அஃதாவது ஸ்ட்ரோலர், பெருந்துணையாவது. அடி அண்ணாமலையோ மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின்மேல் உள்ள ஊர். பௌர்ணமி நாட்களில் மக்கள் வெள்ளம் பெருகும். வண்டிப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்படும். அன்று வெளியூரிலிருந்து மீளும் குடும்பம் காரைத் தொலைவில் நிறுத்திவிட்டுக் குழந்தையோடு நடந்தே இல்லம் சேர நேரும். அப்பொழுது தள்ளுவண்டியின் அருமை தோன்றும். மடக்கி எடுத்துச் செல்லும் இலேசான தள்ளுவண்டியை 1965-இல் அமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்னும் ஆங்கில வானூர்திப் பொறியாளர். போர் விமானத்தின் சக்கரக் கால்கள் மடங்கும் நுட்பத்தை அறிந்த அவர், அலுமினியக் குழாய்களால் மூன்று கிலோவுக்கும் குறைந்த எடையில், குடைபோல் மடங்கும் வண்டியைச் செய்தார்.

நம் நாட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய எஞ்சினும் உடைய கார்களுக்கு வரி குறைவு. இக்காரணத்தால் கார் செய்வோர் பலர் வண்டியின் நீளத்தைச் சுருக்குவர். சுருக்கம் பெரும்பாலும் டிக்கியின் தலையிலேயே விடியும். டிக்கியின் கொள்ளளவை லிட்டரிற் கூறுவது வழக்கம். ஆயின் லிட்டர் நீர்க்குரிய அளவை. தள்ளுவண்டி நீரன்று, தன் வடிவை விட்டு வளையாது. நானூறு லிட்டர் டிக்கியும் வாய் குறுகியதாயின் தள்ளுவண்டியை ஏற்காது. வாய் அகன்ற முந்நூறு லிட்டர் டிக்கி எளிதில் ஏற்கும். மூன்று வரிசைக் கார்களை நாடுவோர் மற்றொன்றையும் கருதுக. ரெனோ டிரைபரில் மூன்றாம் வரிசை நிற்குங்கால் டிக்கி 84 லிட்டர். அவ்வரிசையைக் கழற்றினால் 625 லிட்டர். மாருதி எர்டிகாவில் மூன்று வரிசையும் நிற்க 209 லிட்டர். எழுவர் செல்லலாம், அல்லது தள்ளுவண்டி செல்லலாம். இரண்டும் ஒருங்கே செல்லல் அரிது. கேஸில் ஓடும் கார்களில் சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொள்வதையும் மறத்தலாகாது.

நான்காவது, காப்பின் மதிப்பெண். 2023 அக்டோபர் 1 முதல் 'பாரத் என்கேப்' என்னும் மோதற் சோதனை நம் நாட்டில் நடைபெறுகின்றது. பெரியோர் காப்புக்கு 32 மதிப்பெண்ணும், குழந்தைகள் காப்புக்கு 49 மதிப்பெண்ணும் உண்டு. பதினெட்டுத் திங்கட் குழந்தையையும் மூன்று வயதுக் குழந்தையையும் ஒத்த பொம்மைகளை வைத்து வண்டியை மோதச் செய்கின்றனர். அந்நாற்பத்தொன்பதில் 12, பல்வகைக் குழந்தை இருக்கைகள் அவ்வண்டியில் ஒழுங்காகப் பொருந்துகின்றனவா என்பதற்கே உரியது. விளம்பரம் நட்சத்திரங்களை மட்டும் காட்டும். இல்லத்தாரோ குழந்தைகட்குரிய எண் எத்துணை என்று கேட்டறிதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமையன்று தமக்கையார் குடும்பத்தோடு கார் விற்குமிடத்திற்கு யானும் சென்றேன். இரண்டு குழந்தை இருக்கைகளையும் தள்ளுவண்டியையும் ஓர் ஆட்டோவில் ஏற்றிக் கொணர்ந்திருந்தோம். விற்பனையாளர் முதலில் நகைத்தார். பின்னர்த் தாமே முன்வந்து உதவினார். முதலிற் பார்த்த வண்டி அழகியது. ஆனால் அதன் டிக்கி தள்ளுவண்டியை ஏற்று மூட மறுத்தது. இரண்டாவதில் இருக்கைகள் பொருந்தின. நடுவில் அமர்ந்த தமக்கையார்க்கு மூச்சு விடவும் இடமில்லை. மூன்றாவது வண்டியில் முன்னிடத்தே குள்ளமான அத்தை, அவர்க்குப் பின்னே பின்னோக்கிய இருக்கையில் சிறுவன், நடுவில் தமக்கையார், ஓட்டுநர்க்குப் பின்னே முன்னோக்கிய இருக்கையில் சிறுமி என அமர்ந்தனர். டிக்கி மூடியது. அவ்வண்டியின் பெயரைக் கூறேன். எங்கள் குடும்பத்தின் அளவுக்குப் பொருந்தியது பிறர் குடும்பத்திற்குப் பொருந்தாமற் போகலாம். கூறத்தக்கது பெயரன்று, முறையே: இருக்கைகளையும் தள்ளுவண்டியையும் ஆட்களையும் ஏற்றிப் பார்த்து, கதவை மூடிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

அத்தைக்கு மட்டும் முதலில் மனம் ஒப்பவில்லை. "பெத்த பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கூட்டிப் போறதா? மடியைவிட நல்ல இடம் ஏது?" என்றார். யாரும் அவரோடு வாதிடவில்லை. தமக்கையார் மட்டும், "உங்கள் மடி வீட்டிலும் வாசலிலும் இருக்கட்டும் அத்தை, வண்டி ஓடும்போது மட்டும் இந்த நாற்காலி உங்கள் மடியாக இருக்கட்டும்" என்றார். அத்தை விடை கூறவில்லை. புதிய வண்டி வீட்டிற்கு வந்த நாளில், பட்டையைப் பூட்டும் வகையைத் தமக்குக் காட்டுமாறு என்னைக் கேட்டார். இரண்டு முறை தவறிற்று. மூன்றாம் முறை 'கிளிக்' என்னும் ஓசை எழுந்தது. பட்டைக்கும் குழந்தையின் தோளுக்கும் இடையே விரலை நுழைத்துப் பார்த்து, இறுக்கம் போதுமென்று தலையசைத்தார். இப்பொழுது அவ்வோசை கேளாமல் வண்டியைக் கிளப்ப அவர் விடுவதில்லையென்று மாமா கூறுகின்றார்.

கார் வாங்குவோர் நிறத்தையும் ஓட்டத்தையும் விலையையும் பார்த்தல் இயல்பே. அவற்றோடு, தம் வாயால் எதையும் கேட்க அறியாத மழலையர்க்காகவும் அவ்வண்டியைப் பார்த்து வாங்குவாராக. அளவு நாடா ஒன்றும், அரைநாட்பொழுதும், சற்றே வெட்கப்படாமையும் இருப்பின் அதற்குப் போதும்.