ஓரணாவும் ஓர் ஆரம்பப் பள்ளியும்

மவுண்ட் ரோடாக இருந்து அண்ணா சாலையாகிவிட்ட பெருவீதியில், ஆயிரம் விளக்கைக் கடந்து நாள்தோறும் பல்லாயிரவர் போகிறார்கள். பள்ளிவாசல் அவர்கள் கண்ணில் படுகிறது. மாடி மேல் மாடியாய் எழுந்த மாளிகைகள் படுகின்றன. அந்த வட்டாரத்து மாநகராட்சி ஆரம்பப் பள்ளியை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

கோட்டைக்கு வரலாறு உண்டு, கொத்தளத்துக்கு வரலாறு உண்டு, கூலிக்காரன் பிள்ளை படித்த பள்ளிக்கு மட்டும் வரலாறு கிடையாதா? உண்டு, தோழர்களே! அதைத்தான் இன்று நாம் சொல்ல வந்தோம்.

ஆண்டு 1920. சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்த ஆண்டு. “பள்ளிக்கு வா!” என்றது சட்டம். “எப்படி வருவேன்?” என்றது வயிறு. காலையில் அப்பன் வேலைக்குப் போய், மாலையில் கூலி வந்து, அதன் பிறகு அடுப்பு எரியும் வீட்டில், நண்பகலில் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? எழுத்தைப் பார்த்தால் எழுத்தா தெரியும்? இட்டிலி தெரியும்!

அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர், நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், வெள்ளுடை வேந்தர். ஆயிரம் விளக்குப் பள்ளியில் படிப்போர் ஏழைப் பிள்ளைகள். அந்த ஏழ்மையே பள்ளியில் மாணவர் தொகையைக் குறைக்கிறது என்று மன்றத்தில் எடுத்துரைத்தார். தீர்மானம் நிறைவேறிற்று: நாளொன்றுக்கு, பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி!

ஓரணா! ரூபாயில் 16இல் ஒரு பங்கு. அது செய்த வேலையைக் கேளுங்கள். திட்டம் மேலும் 4 பள்ளிகளுக்குப் பரவிற்று. 1922-23இல் அந்த 5 பள்ளிகளிலும் படித்தோர் 811 பேர். 1924-25இல் 1,671 பேர்! இரண்டே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல். பிரம்பு கொண்டு மிரட்டியா வந்தார்கள்? பசி தீரும் என்று வந்தார்கள், வந்தவர்கள் படித்தார்கள்.

பொறுக்குமா வெள்ளை அரசுக்கு? தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட அனுமதி இல்லை என்றது. 1925 ஏப்ரல் முதல் நாள், திட்டம் நின்றது. கரும்பலகை வாங்கினால் கல்விச் செலவாம். அதன் எதிரே உட்காரும் பிள்ளைக்குக் கவளம் கொடுத்தால் கல்விச் செலவு இல்லையாம்! சுவர் இல்லாமல் சித்திரம் எழுதச் சொன்னது அந்தக் கணக்கு.

பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாய் முயற்சிகள் நடந்தன. ஆனால் மாநிலம் தழுவிய மதிய உணவு 1956இல் காமராசர் ஆட்சியில்தான் வந்தது. கட்சி வேறாக இருக்கலாம். பசி கட்சி பார்ப்பதில்லை, நன்றியும் பார்க்கக் கூடாது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கி விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவும் தொடங்கிற்று.

வளர்ச்சிதான், மகிழ்கிறோம். ஆனால் 1925க்கும் 1956க்கும் இடையே 31 ஆண்டுகள் ஓடினவே! 1925இல் 5 வயதில் பள்ளி வாயிலில் நின்ற சிறுவன், 1956இல் 36 வயதுக் கூலியாள். கைநாட்டு வைத்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவனுக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுப்பவர் யார்? ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தார்கள். ஒரு தலைமுறையின் எழுத்தும் சேர்ந்து அழிந்தது.

“பள்ளிக்கூடத்தில் சோறு எதற்கு? இது இலவசம், இது வீண்” என்று பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். சினம் வேண்டாம், தோழர்களே. 811, 1,671 என்ற இரண்டு எண்களை அவர்களிடம் சொல்லுங்கள், போதும்.

சொல்லிவிட்டு, உங்கள் தெருவிலுள்ள அரசுப் பள்ளிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. பெற்றோருக்கு அதில் இடம் இருக்கிறது. உட்காருங்கள். அரிசி நன்றாயிருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா, தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். அன்று ஓரணாவை நிறுத்தியபோது கேட்க நமக்கு வாக்கில்லை. இன்று இருக்கிறது!