ஏலக்காய் பறிக்கும் கைகள்

நம் இல்லத்துப் பிரியாணித் தேக்சாவில் மணக்கும் ஏலக்காய்க்குப் பின்னால் பெரும் கைத்திறன் ஒன்று உண்டு. கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களின் பெண்கள் விடியுமுன் சோறாக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து இடுக்கி மலைத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். தோட்டக் கணக்கிலோ அவர்கள் வெறும் ‘ஆள்’. இத்தனை ஆள், இத்தனை கூலி! (கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் சிலரும், பத்தாண்டு உழைத்த பையனை இப்படித்தான் எண்ணுகிறார்கள்.)

ஏலச்செடியில் காய்கள் ஒருசேர விளைவதில்லை. தரையோடு படர்ந்த ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் கலந்திருக்கும். குனிந்து, விளைந்ததை மட்டும் தேர்ந்து கிள்ள வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கிவிடும். பழுக்க விட்டாலோ வெடித்து, பசுமை போய்விடும். விலையோ பசுமைக்கும் பருமனுக்கும்தான்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையால் பதற்றம் மூண்டபோது ஜீப்புகள் நின்றன. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்களும் அஞ்சி மலையிறங்கின. அறுவடைக் காலத்தில் பறிப்பு முடங்கியது. காய் யாருக்காகவும் காத்திருப்பதில்லையே!

அன்று அவர்களை விலக்கியது அச்சம். பின்னர் பலர் திரும்பினர். இன்றைய விலகல் ஓசையற்றது. தாய் மலையேறினாள், மகள் திருப்பூர் பனியன் கம்பெனியை நாடுகிறாள். தோட்டங்கள் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளரை அழைக்கின்றன. அவர்களும் உழைப்பாளிகளே, எனினும் கண் பழகும்வரை பிஞ்சும் சேர்ந்தே கூடைக்கு வரும். அந்த நட்டம் கூலிக் கணக்கில் ஏறுவதில்லை. ஏலத்தின்போது, மாதிரிக் காயை வணிகர் உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கையில்தான் தெரிகிறது.