தடைபடுதல்: ஒரு சொல்லும் புதுச்சேரிக் கரையும்

இயங்கும் பொருளொன்றின் ஓட்டம் இடையில் நிற்பதோ குறைவதோ தடைபடுதல் எனப்படும். இதற்கும் தடுக்கப்படுதலுக்கும் நுண்ணிய வேற்றுமை உண்டு. பின்னதில் தடுப்போனும் அவன் எண்ணமும் மறைந்தேனும் நிற்பர். முன்னதற்கு எவர் எண்ணமும் வேண்டுவதில்லை. அறிவியல் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை என்பேன்.

தடை இருவகைப்படும். ஓட்டத்தின் ஆற்றலை வேறொன்றாக மாற்றுவது ஒன்று. தொழிற்பேட்டையாயினும் வீட்டு அடுக்களையாயினும், மின்னாற்றலை வெப்பமாக்கும் கம்பிச்சுருள் யாவும் இவ்வகையின. ஓடிவரும் பொருளைத் தேக்குவது மற்றொன்று. அதற்குப் புதுச்சேரிக் கடற்கரையினும் தெளிவான சான்று அரிது.

அலை கரையைச் சாய்வாக ஏறுகிறது. நீர் சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஒவ்வோர் ஏற்றத்திலும் மணல் சிறிது பக்கவாட்டில் நகர, கரைநெடுக ஓர் ஓட்டம் உண்டாகிறது; இதனை மணலோட்டம் எனலாம். வடகிழக்குப் பருவக்காற்றின் சில திங்களில் அது தெற்கு நோக்கியும், ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கியும் செல்லுதலால், கூட்டிக் கழித்தால் எஞ்சுவது வடதிசைப் பெயர்ச்சியே. 1980களின் பிற்பகுதியில் ஆரியங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்தில் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. அலை தடுக்கப்பட்டது, எவரும் எண்ணாமலே மணல் தடைபட்டது. தெற்கே அது குவிய, வரவு குறைந்த வடகரையை அலை அரித்தது. நகரின் கடற்கரைச் சாலையோரம் மணற்பரப்பு மறைந்து கருங்கற்குவியலே கரையாயிற்று. சென்னையின் மெரினா பரந்ததும் இராயபுரம் அரிப்புண்டதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே துறைமுகம் எழுந்ததன் விளைவாக, இதே முறையில்தான்.

குவிந்த மணலை வாரி வடபுறம் சேர்ப்பதே நேரிய மாற்று. அது தொடர்ந்து நடந்தாலன்றிப் பயனில்லை. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்தருகே கடலுள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அதன்மேல் அலை உடைந்து வலுவிழக்க, கரையருகே மணல் தங்கி நகர் மீண்டும் கடற்கரை பெற்றது. இம்முறை மணல் எண்ணித் தடுக்கப்பட்டது. நகருக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், பொம்மையார்பாளையம் முதலிய மீனவர் ஊர்களும் அரிப்புக்கு ஆளானவையே. அங்கும் கற்சுவர்களும், கரையிலிருந்து கடலுள் நீளும் தூண்டில் வளைவுகளும் எழுந்தன. அவையும் மணலோட்டத்துக்குத் தடைகளே.