மாவுக்கட்டுக்குக் கைதட்டும் ஊர்

ஊரும் ஸ்டேஷனும் – 7

புகார் மனுவுக்கு ஒரு ரசீது வாங்க சாமானியர் படும் பாட்டைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போவோம். ஊரின் தீர்ப்பு முதலில் எழுதப்படுவது அங்கேதான்.

காலை ஆறரை மணி. ஒரு செல்போன் பெஞ்சில் கைமாறிக்கொண்டிருந்தது. திரையில் இருபது வயது இருக்கும் ஒரு பையன். வலது கையில் மாவுக்கட்டு. செயின் பறிப்பு வழக்கில் முந்தின நாள் பிடிபட்டவன். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம்” என்று ஒருவர் சொன்னதும் பெஞ்சே சிரித்தது. “நாலு பேருக்கு இப்படிப் போட்டாத்தான் ஊர் அடங்கும்” என்றார் ஒரு பெரியவர்.

அந்தப் பெரியவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அவர் மகளின் தாலிக்கொடியைப் பட்டப்பகலில் பைக்கில் வந்தவர்கள் பறித்துப் போயிருக்கிறார்கள். பல மாதம் ஸ்டேஷனுக்கு நடந்தும் நகை வரவில்லை. “பிடிச்சாலும் ஜாமீன்ல வந்து அதே தெருவுல நிக்கிறான் தம்பி” என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. அந்த ஆற்றாமையை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய கைதட்டல் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அவரிடமும் உங்களிடமும் சொல்லியாக வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, சாலையில் வந்தவர்களைப் போலீஸ் லத்தியால் விளாசும் காட்சிகளை நாம் ரசித்துப் பார்த்தோம். உறவினர் குழுக்களில் பகிர்ந்தோம். மூன்றே மாதத்தில், ஜூன் 19 அன்று, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய ஒரு குடும்பத்தின் தந்தையையும் அவருக்காகப் பேசப் போன மகனையும் போலீஸ் ஸ்டேஷனில் அடைத்தது. அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பதுதான் புகார். இரவு முழுக்க அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் தகுதிச் சான்று, மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவு, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறை. ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 அதிகாலை தந்தை இறந்தார். இருவரும் தரையில் புரண்டதால் காயம் ஏற்பட்டது என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. பாத்ரூமில் வழுக்கி விழுந்த கதையும் இதுவும் ஒரே பேனாவில் எழுதப்பட்டவை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கைத் தானாகவே கையில் எடுத்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டார்கள். விசாரணைக்குப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டையே அங்கிருந்த காவலர் ஒருவர் ஒருமையில் பேசினார். சிசிடிவி பதிவுகள் தினமும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அந்தச் சூழலிலும் ஒரு பெண் தலைமைக் காவலர், தாம் கண்ட அடியையும் ரத்தத்தையும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவர் வாய் திறந்திராவிட்டால் அந்த இரவு சுவர்களுக்குள்ளேயே புதைந்திருக்கும். பத்துப் போலீஸார் கைதானார்கள். அவர்களில் ஒருவர் கொரோனாவில் இறக்க, மற்ற ஒன்பது பேர் மீதும் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

கைது செய்தி வந்தபோது சாத்தான்குளத்தில் பட்டாசு வெடித்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வேறொரு பட்டாசுச் சத்தம் நினைவுக்கு வந்தது. 2019 டிசம்பர் 6 அன்று, ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவரான இளம்பெண்ணைக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் அங்கே திரண்டு போலீஸ்காரர்கள் மீது பூத் தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று கண்டறிந்தது. செத்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. பூ தூவிய கைகளுக்கு அந்த அறிக்கை போய்ச் சேரவே இல்லை.

சாத்தான்குளத்தோடு நாம் பாடம் கற்கவும் இல்லை. 2023-இல் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குப் போனவர்களின் பற்களை உதவிக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் பிடுங்கினார் என்ற புகார் வெடித்தது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் இளம் காவலாளி ஒருவர், காரில் வைத்த நகை காணவில்லை என்ற புகாருக்காக ஸ்பெஷல் டீமால் அடிக்கப்பட்டு இறந்தார். உடலில் 44 காயங்கள். நகைத் திருட்டுப் புகாருக்கு அப்போது எஃப்.ஐ.ஆர். கூடப் போடப்படவில்லை. அதே ஆண்டு உயர் நீதிமன்றமே, ஸ்டேஷன் கழிப்பறைகளில் பிடிபட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, காவலர்கள் விழ மாட்டார்களா என்று கேட்டது.

கடைக்காரர், கோயில் காவலாளி. இவர்களில் யாரும் ரவுடி இல்லை. ரவுடிக்கென்று தனி லத்தி கிடையாது. நாம் கைதட்டிப் பழக்கிய லத்திதான் இவர்கள் மேலும் இறங்கியது.

இன்னொன்றையும் ஊர் நன்றாக அறியும். ஸ்டேஷனில் யாருக்கு நாற்காலி, யாருக்குத் தரை என்பது சட்டத்தைப் பார்த்து முடிவாவதில்லை. நகரச் செயலாளரோ கவுன்சிலரோ ஒரு போன் போட்டால் அதே வழக்கில் பிடிபட்ட ஒருவன் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். போன் போட ஆளில்லாத வீட்டுப் பையனுக்கு மாவுக்கட்டு. இன்ஸ்பெக்டரின் இடமாறுதல் உள்ளூர் அரசியல்வாதியின் கையில் இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதற்குத்தான் மருந்து சொன்னது. ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பணிக்காலம் வேண்டும். மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையம் வேண்டும். தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டமோ, மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராக்கியது. எஸ்.பி.யின் ஆட்கள் மீது வரும் புகாரை எஸ்.பி.யும் சேர்ந்து விசாரித்தால் யார் நம்பிப் போவார்கள்?

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பிடிபட்டவன் ஏன் வெளியே வந்துவிடுகிறான்? வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால், ஜாமீன் அவனுடைய சட்ட உரிமை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. கையை உடைத்து வாங்கினாலும் கெஞ்சி வாங்கினாலும் அந்தக் காகிதத்தை வைத்து ஒருவனுக்குத் தண்டனை வாங்கித் தர முடியாது. அதற்கு சாட்சி வேண்டும், கைப்பற்றிய பொருள் வேண்டும், கேமரா பதிவு வேண்டும், ஒழுங்காக எழுதிய குற்றப்பத்திரிகை வேண்டும். மாவுக்கட்டு அந்த வேலை எதையும் செய்வதில்லை. வேலை நடந்துவிட்டதாக ஊரை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் உண்மையான திருடன் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான்.

நேர்மையாக உழைக்கும் போலீஸ்காரர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இரவெல்லாம் சிசிடிவி பார்த்து, சாட்சியைத் தேடி அலைந்து, வழக்கைக் கோர்ட்டில் நிற்கவைக்கும் ஏட்டும் எஸ்.ஐ.யும் உண்டு. அவர்கள் படம் எந்தக் குழுவிலும் சுற்றி வருவதில்லை. நம் கைதட்டல் அவர்களுக்குப் போக வேண்டியது. அதை அடிக்கிறவருக்குக் கொடுத்து, உழைக்கிறவரை மனம் சோரவைக்கிறோம்.

மாவுக்கட்டுப் போட்ட ஒரு படம் நாளைக்கே உங்கள் செல்போனுக்கும் வரும். சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வழக்கு எண் என்ன, பறிபோன பொருள் மீட்கப்பட்டதா, குற்றப்பத்திரிகை எப்போது என்று டீக்கடையில் கேளுங்கள். வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். ஊர் வாய்விட்டுக் கேட்டால் ஸ்டேஷன் பதில் சொல்லியே தீர வேண்டும்.

(தொடரும்)