புற்றுநோய்: கத்தியா, கரண்டா? முடிவு செய்வது யார்?

பொன்முடி மலைப் பாதை ஏறத் தொடங்கும் ஊர் வித்துரா. மேலே தேயிலைத் தோட்டங்கள். தோட்ட வேலைக்கென்று வந்து இங்கேயே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இப்பகுதியில் உண்டு. நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் காலை பஸ்ஸில், மடியில் துணிப்பையும் பைக்குள் பெரிய ஸ்கேன் உறையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், எங்கே போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான். ஆர்.சி.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும்.

1981-ல் தொடங்கப்பட்ட இம்மையத்தின் முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். கேரளத்தவர் மட்டுமன்றி, கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்களும் இங்கே ஏராளமாக வருகிறார்கள்.

புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. "முதலில் ஆபரேஷன் என்றார்கள். இப்போது கரண்டு வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே!" கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் நம் மக்கள் 'கரண்டு வைப்பது' என்கிறார்கள். இந்தக் குறை இயற்கையானதே. ஆனால் சிக்கலான நோயில் முடிவு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால், பாதிப் பயம் குறையும்.

உதாரணத்துக்கு ஒரு நோயாளி

தோட்டத் தொழிலாளி ஒருவரை நினைத்துக் கொள்வோம். வயது 58. முப்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். வாய் இரண்டு விரல் அளவே திறக்கிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. போதாததற்குச் சர்க்கரை நோய். ஒரு முறை நெஞ்சுவலியும் வந்திருக்கிறது.

வாய்ப்புற்றுக்குப் பொதுவான வழி, முதலில் அறுவை சிகிச்சை, தேவையானால் பின்னர் கதிர்வீச்சு. ஆனால் பல மணி நேர ஆபரேஷனை இவருடைய இதயம் தாங்குமா? இங்கேதான் தனி ஒரு டாக்டரின் தீர்ப்பு போதாமல் போகிறது. அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து சிகிச்சை நிபுணர், சதையைப் பரிசோதிக்கும் டாக்டர், ஸ்கேன் படம் படிக்கும் டாக்டர் ஆகியோர் ஒரே மேஜையைச் சுற்றி அமர்கிறார்கள். இதற்கு 'டியூமர் போர்டு' என்று பெயர். பெரிய புற்றுநோய் மையங்களில் எல்லாம் இந்த முறை உண்டு.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: நோய் நிச்சயம்தானா, என்ன வகை? இதற்காக வெளியூரில் எடுத்த சதைப் பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளை வாங்கி மீண்டும் பார்ப்பதுண்டு. கத்தி பட்டால் புற்று பரவும் என்று ஊரில் பேசுவார்கள். ஆனால் சதை எடுத்துப் பார்க்காமல் எந்த நிபுணரும் முடிவு சொல்ல முடியாது.

இரண்டாவது: எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, 4-ஐத் தாண்டிவிட்டதா, தாடை எலும்பைத் தொட்டதா என்று படத்தில் பார்க்கிறார்கள். வாய் திறக்காததற்குக் காரணம் பாக்கினால் வந்த இறுக்கமா, நோய் மெல்லும் தசைக்குள் போனதா என்பதும் இங்கே முக்கியம்.

மூன்றாவது: உடம்பு தாங்குமா? இதற்கு 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வழக்கம்போல் வேலை செய்பவருக்கு 0. முழுவதும் படுக்கையில் இருப்பவருக்கு 4. எழுபது வயதில் மலையேறுபவரும் உண்டு, ஐம்பதில் படுத்துவிட்டவரும் உண்டு. ஆகவே வயதை விட இந்த எண்ணுக்கே மதிப்பு அதிகம்.

நான்காவது: சிகிச்சையால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன? உயிர் நீடிக்கும், ஆனால் மெல்லவும் பேசவும் முடியுமா? இதற்குப் புத்தகத்தில் விடை கிடையாது.

ஆராய்ச்சி காட்டிய வழி

சில கேள்விகளுக்கு ஆராய்ச்சி தெளிவான விடை தந்திருக்கிறது. கழுத்தில் நெறி எதுவும் தென்படாத ஆரம்ப நிலை வாய்ப்புற்றில், கழுத்து நெறிகளை முன்கூட்டியே எடுக்க வேண்டுமா, வந்தபின் பார்த்துக்கொள்ளலாமா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை 500 நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2015-ல் வெளியானது. முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதமே. வாதம் பெரும்பாலும் அத்துடன் முடிந்தது.

ஆனால் ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் உடல் தெம்புள்ளவர்களையே சேர்க்கிறார்கள். நம் உதாரணத் தொழிலாளி போன்றவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே அனுபவம்தான் பேச வேண்டும். ஒருவர் "அறுக்கலாம்" என்பார். மற்றவர் "ஆபத்து" என்பார். அந்த வாக்குவாதமே நோயாளிக்குப் பாதுகாப்பு.

இதய டாக்டர் சம்மதித்தால் ஆபரேஷன். தாடையில் எடுத்த பகுதிக்குக் கால் எலும்பை வைத்துக் கட்டுவதுண்டு. பிறகு ஏறத்தாழ ஆறு வாரம் கதிர்வீச்சு. அதற்கு முன் பல் டாக்டர் பற்களைச் சோதிப்பார். வெட்டிய விளிம்பில் நோய் எஞ்சியிருந்தாலோ, நெறியின் உறையைத் தாண்டிப் பரவியிருந்தாலோ, கதிர்வீச்சுடன் மருந்தும் சேரும். இதயம் தாங்காதென்றால் ஆபரேஷன் இல்லாத வழி. எதையுமே உடல் தாங்காத நிலையில், வலியைத் தணித்து நிம்மதியாக வைத்திருப்பதே சிகிச்சை. அதைக் 'கைவிட்டுவிட்டார்கள்' என்று நினைப்பது தவறு. வலி நிவாரண வைத்தியத்துக்கென்று 2008-லேயே தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம்.

மேஜையில் இல்லாத உறுப்பினர்

டாக்டர்கள் சொல்வது ஆலோசனை. சம்மதம் தர வேண்டியவர் நோயாளி. "அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று உறவினர்கள் கெஞ்சுவது நம்மிடையே சகஜம். அன்பினால்தான் கெஞ்சுகிறார்கள். ஆனால் தாடையை இழக்கப் போகிறவருக்கு அது ஏன் என்று தெரியாமலிருப்பது நியாயமாகுமா?

மொழியும் ஒரு தடை. மலையாளத்தில் புற்றுநோய்க்கு 'அர்புதம்' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது 'அற்புதம்' என்றே விழும்! புரியாமல் தலையாட்டுவதைவிட, "தமிழ் தெரிந்தவர் ஒருவரை வைத்து விளக்குங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: நோய் எந்த நிலையில் இருக்கிறது? வேறு வழி உண்டா? குணப்படுத்தவா, வலியைக் குறைக்கவா இந்தச் சிகிச்சை? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? பழைய காகிதம் ஒன்றையும் வீசிவிடாமல் கொண்டு செல்ல வேண்டும். சாப்பிடும் மருந்து, நாட்டு மருந்து, குடிப்பழக்கம் எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் கூடியிருக்கும் நிபுணர்களின் கணக்கே தப்பிவிடும்.

தமிழகத்திலிருந்து ரயிலில் சிகிச்சைக்கு வருவோர் ஆஸ்பத்திரியில் சலுகைச் சான்றிதழ் பெறலாம். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், உடன் வரும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. சாதாரண இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம்.

கடைசியாக ஒன்று. சிக்கலான முடிவே தேவைப்படாமல் போவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி, சுமார் 1,90,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருடைய வாயைச் சுகாதார ஊழியர்கள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள்; அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கமுள்ளோரில், அப்படிப் பார்க்கப்பட்டவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியிடப்பட்டது.

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம் இவற்றில் எது கண்டாலும், அடுத்த சம்பள நாள் வரை காத்திராமல் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் அரை நாள் சம்பளம் போகும். தாமதித்தால், தாடை போவதா உயிர் போவதா என்று ஐந்து நிபுணர்கள் கூடி யோசிக்க வேண்டியதாகிவிடும்.