ஒற்றைக் காலில் ஓடிய உத்தமர்

இராமேசுவரத்து மணலைக் காசிக்குக் கொண்டுசென்று கங்கையில் இடுவதும், கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்விப்பதும் நம் முன்னோர் கண்ட வழக்கம். ஏறக்குறைய அத்தகைய எண்ணத்துடன், 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், கனடா நாட்டின் கீழைக்கரையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் ஓர் இளைஞர் நின்றார். தமது செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்து, இரண்டு புட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டார். ஒன்று நினைவுப் பொருள். மற்றொன்று, நாட்டின் மறுகோடியிலுள்ள பசிபிக் கடலில் ஊற்றுவதற்கு. இடைப்பட்ட நெடுந்தொலைவை ஓடியே கடப்பதெனத் துணிந்தார்.

அவர் பெயர் டெர்ரி ஃபாக்ஸ்; அப்போது வயது 21. எலும்பில் தோன்றிய புற்றுநோய் காரணமாக 1977இல் அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேல் துண்டிக்கப்பட்டது. பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு என்றனர் மருத்துவர்கள். இரண்டாண்டுகளுக்கு முன் அது நூற்றுக்குப் பதினைந்தாகவே இருந்தது என்பதையும் அவர் அறிந்தார். இம்மாற்றம் ஆராய்ச்சியின் பயன் என்பதை உணர்ந்தார். மருத்துவமனையில் உடனிருந்த சிறு குழந்தைகள் பட்ட வேதனையும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட எழுந்ததே அவரது ஓட்டம்.

ஒற்றைக் காலில் நிற்பதென்று பிடிவாதத்தை நாம் குறிப்பிடுவதுண்டு. இவரோ ஒற்றைக் காலில் ஓடினார்! நல்ல காலால் இருமுறை எம்பி, செயற்கைக் காலை ஒருமுறை ஊன்றும் விந்தை நடை அது. நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். அதாவது ஒரு முழு மாரத்தான் தொலைவு. பனியும் மழையும் எதிர்காற்றும் வாட்டின. வெட்டுண்ட காலின் நுனி உராய்ந்து குருதி கசிந்தது. நண்பர் ஒருவர் வண்டியுடன் துணை வந்தார்.

தொடக்கத்தில் அவரைக் கவனித்தோர் சிலரே. ஆயினும் சுமார் 10,000 பேர் வாழும் போர்ட்-ஓ-பாஸ்க் என்னும் சிற்றூர் 10,000 டாலருக்கு மேல் வழங்கியது. தலைக்கு ஒரு டாலர்! நாடு முழுவதும் அவ்வாறே ஈந்தால், 2 கோடியே 40 இலட்சம் டாலர் சேருமன்றோ? அதுவே அவரது இலக்காயிற்று. தம் ஓட்டத்தை விளம்பரமாக்கிக்கொள்ள எந்த வணிக நிறுவனத்துக்கும் அவர் இடம் தரவில்லை.

143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், செப்டம்பர் 1ஆம் நாள், தண்டர் பே நகருக்கு அருகே நெஞ்சுவலியால் நின்றார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பசிபிக் கடலை ஓடி அடைய அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அன்றுவரை சேர்ந்த தொகை 17 இலட்சம் டாலர். அவர் நின்ற இடத்திலிருந்து மக்கள் தொடர்ந்தனர். 1981 பிப்ரவரியில் நிதி 2 கோடியே 41 இலட்சத்தைக் கடந்தது. தலைக்கு ஒரு டாலர் என்ற கனவு நனவாயிற்று. அதைக் கண்ணாரக் கண்டபின், அவ்வாண்டு ஜூன் 28இல், இருபத்துமூன்று வயது நிறைவதற்கு ஒரு மாதம் முன் அவர் மறைந்தார்.

அவர் பெயரால் ஆண்டுதோறும் பல நாடுகளில் ஓட்டம் நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்ததுண்டு. இவ்வோட்டத்தில் போட்டியில்லை, முதற்பரிசுமில்லை. நடப்போரும் ஓடுவோரும் அதில் சமமே. இதுவரை திரண்ட நிதி 80 கோடி டாலருக்கும் அதிகம்.

வாசக அன்பர்களே! அவரைப் போல ஓட நம்மால் இயலாது, இயலவேண்டுமென்பதும் இல்லை. அவர் நாட்டு மக்களிடம் கேட்டது அதுவன்று. ஆளுக்கு ஒரு டாலர் மட்டுமே. பிறந்த மண்ணை விட்டு வந்து பிழைக்கும் நம்மிடம், நற்பணிக்கென ரசீதுப் புத்தகத்துடன் வாயிலில் வந்து நிற்போர் பலர். ‘நம் சிறு தொகையால் என்ன ஆகிவிடும்?’ என்று எண்ணிக் கதவைச் சாத்துமுன், அந்தப் பத்தாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூரை நினைப்போமாக. பெருஞ்செயலைத் தொடங்க ஒருவர் போதும். நிறைவேற்ற ஊர் கூட வேண்டும்.